போன் கேமராவுல எச்டிஆர்: ஒரே பேர்ல மூணு வேற வேற சமாச்சாரம்

கேலரியில ஒரு போட்டோவ தொட்டதும் முதல்ல சாதாரணமா தெரியுது, அரை செகண்ட் கழிச்சு அதுல இருக்குற சூரியன், லைட்டு, தண்ணி மேல மின்னுற இடம் மட்டும் திடீர்னு பளிச்னு ஏறுது. அதே போட்டோவ மெசேஜ்ல அனுப்பினா அந்தப் பளிச் காணோம், டல்லா போய் சேருது. பழைய போன்ல கேமரா ஸ்கிரீன் மேலயே எச்டிஆர்னு (ஹை டைனமிக் ரேஞ்ச்) ஒரு பட்டன் இருந்துச்சு, புது போன்ல தேடினாலும் கிடைக்கல. எடிட்டிங் ஆப்ல வேற எச்டிஆர்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அத போட்டா மேகமெல்லாம் இரும்பு மாதிரி ஆகுது.

இது எல்லாத்துக்கும் ஒரே பேரு வச்சதுதான் குழப்பத்துக்குக் காரணம். உண்மையில மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, பல ஃபிரேம எடுத்து ஒண்ணா சேக்குறது. ரெண்டு, ஒரே போட்டோவ அந்த மாதிரி காட்டுற எஃபெக்ட். மூணு, ஸ்கிரீன நிஜமாவே அதிக வெளிச்சமா எரிய வைக்கிறது. முதலாவது வெளிச்சத்த அமுக்கி உள்ள அடைக்குற வேல, மூணாவது அத திரும்ப விரிக்குற வேல, ரெண்டும் எதிர் எதிர் திசையில போகுது. அடிப்படையில இருந்து வருவோம்.

டைனமிக் ரேஞ்ச்னா என்ன, அது ஏன் பத்தறதில்ல

ஒரு காட்சியில ரொம்ப இருட்டான இடத்துக்கும் ரொம்ப வெளிச்சமான இடத்துக்கும் எத்தன மடங்கு வித்தியாசம்ங்கறதுதான் டைனமிக் ரேஞ்ச். அத ஸ்டாப் கணக்குல சொல்லுவாங்க. ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, ரெண்டு ஸ்டாப்னா நாலு மடங்கு, பத்து ஸ்டாப்னா 1024 மடங்கு.

ஜன்னல் பக்கத்துல நிக்குற ஒருத்தர ரூமுக்கு உள்ள இருந்து எடுக்குறீங்கன்னு வைங்க. வெளிய நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (விழுற வெளிச்சத்த அளக்குற அலகு) இருக்கும். ரூமுக்குள்ள 100, 200 லக்ஸ் இருந்தாலே அதிகம். அதுவே 500, 1000 மடங்கு, அதாவது 9, 10 ஸ்டாப். இதோட விட்டுச்சான்னா இல்ல, அதே ரூமுக்குள்ள இருக்குற கருப்பு துணி தன்மேல விழுற வெளிச்சத்துல 4 சதவீதம் மாதிரிதான் திருப்பி அனுப்பும், வெளிய இருக்குற வெள்ளை சுவரு 80, 90 சதவீதம் அனுப்பும், அதுக்கு ஒரு 4 ஸ்டாப் கூட்டிக்குங்க. மொத்தம் 13, 14 ஸ்டாப் வந்துடுச்சு.

இப்ப சென்சார் பக்கம் வாங்க. சென்சார்ல இருக்குற ஒவ்வொரு பிக்சலையும் வெளிச்சத்த பிடிக்குற குட்டி வாளின்னு நெனச்சுக்கலாம். போன் சென்சார்ல வாளி ரொம்ப சின்னது, 2018ல வந்த சோனி ஐஎம்எக்ஸ் 586 சென்சார்ல ஒரு பிக்சலோட அகலம் 0.8 மைக்ரான்தான். வெளிச்சம் வாளிக்குள்ள எலக்ட்ரானா மாறி சேரும். அந்த மாதிரி வாளி ஒண்ணு 4000 எலக்ட்ரான்ல நிறைஞ்சுடுது, சர்க்யூட்டோட இரைச்சல் 2 எலக்ட்ரான் அளவுக்கு இருக்குன்னு உதாரணத்துக்கு வச்சா, 4000ஐ 2ஆல வகுத்தா 2000 மடங்கு, சுமாரா 11 ஸ்டாப். கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா அடியில இருக்குற ரெண்டு மூணு ஸ்டாப்ல படத்த விட நாய்ஸ்தான், அதாவது அந்த இரைச்சலால வர்ற புள்ளி புள்ளியான சொரசொரப்புதான், அதிகம், அத கழிச்சா கையில மிஞ்சறது 8, 9. காட்சி கேக்குறது 13, 14. இந்த இடைவெளிதான் மொத்தப் பிரச்சனையும்.

நம்ம கண்ணுக்கு மட்டும் ரெண்டும் தெரியுதேன்னு கேக்கலாம். கண்ணு ஒரே ஷாட்டா எடுக்குறதில்ல, ஜன்னல பாக்கும்போது கண்பாப்பா சுருங்கும், மூலைய பாக்கும்போது விரியும், மூளை ரெண்டையும் ஒட்டவச்சு ஒரே படமா நம்ப வச்சுடும். போன் எச்டிஆரும் கிட்டத்தட்ட இதே தில்லுமுல்லதான் பண்ணுது.

இருட்டு போனா மீட்கலாம், வெள்ளை போனா போச்சு

இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும், அதனால இங்க கொஞ்சம் நிதானமா.

வாளி நிறைஞ்சதுக்கு அப்புறம் எவ்வளவு வெளிச்சம் விழுந்தாலும் கணக்குல ஏறாது. மேகம், மேகத்தோட ஓரம், சூரியன் எல்லாமே ஒரே நம்பர் ஆயிடும், 10 பிட் சென்சார்னா எல்லாம் 1023, அதால எழுத முடிஞ்ச பெரிய நம்பர். எடிட்டிங்ல அத இருட்டாக்கினா வெள்ளை சாம்பல் கலராகும், மேகம் திரும்பி வராது. தகவலே இல்லாத இடத்துல இருந்து எத எடுக்க முடியும்? ஆனா இருட்டான பக்கம் அப்படி இல்ல, அங்க 10 எலக்ட்ரான் 20 எலக்ட்ரான்னு கொஞ்சமாவது பதிவாயிருக்கும், நாய்ஸோட கலந்து கிடக்கும், அவ்வளவுதான். நாய்ஸ குறைக்க வழி கிடைச்சா உள்ள இருக்குறத வெளிய எடுத்துடலாம்.

அதனால போன் எச்டிஆரோட மூளையே இதுதான்: வெளிச்சமான இடம் வெள்ளையா போகாத அளவுக்கு இருட்டா எடு, இருட்ட அப்புறமா தூக்கிக்கலாம். ஆட்டோ மோடுல போன், நீங்க நெனச்சத விட இருட்டா எடுத்துட்டு பின்னாடி பிரைட்டாக்கி காட்டுறதுக்கு இதான் காரணம்.

இது போன் கண்டுபிடிச்சது இல்ல

1850கள்லயே குஸ்தாவ் லெ கிரேன்னு ஒரு பிரெஞ்சு போட்டோகிராபர் கடல் காட்சிக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேற நெகட்டிவ்னு எடுத்து, ரெண்டையும் ஒரே தாள்ல பிரிண்ட் போட்டாரு. அந்தக் கால ரசாயனத்துக்கு நீல வெளிச்சம்தான் ரொம்பப் பிடிக்கும், கடலுக்கு சரியா வச்சா வானம் வெளுத்துடும், வேற வழி இல்ல. டிஜிட்டல்ல 1990கள்ல ஸ்டீவ் மேன் மாதிரி ஆளுங்க வெவ்வேற எக்ஸ்போஷர்ல (உள்ள விழ விடுற வெளிச்சத்தோட அளவு) எடுத்த படங்கள சேக்குற வேலைய ஆரம்பிச்சாங்க, 1997ல பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் அதுக்கான கணக்க தெளிவா எழுதிக் குடுத்தாங்க. போன்னு பாத்தா, 2010ல ஐபோன் 4க்கு ஐஓஎஸ் 4.1 வந்தப்போ எச்டிஆர் பட்டன் பரவலா கைக்கு வந்துச்சு. பட்டன அமுக்கினா மூணு ஷாட், சேக்குறதுக்கு காத்திருக்கணும், நடுவுல யாராவது அசைஞ்சா ரெண்டு தலை.

உள்ள எப்படி சேக்குது: ரெண்டு பள்ளி

முதல் பள்ளி பிராக்கெட்டிங். ஒண்ணு இருட்டா, ஒண்ணு நடுத்தரமா, ஒண்ணு வெளிச்சமா எடுத்து, ஒவ்வொண்ணுலயும் நல்லா வந்த பகுதிய எடுத்துக்குறது. புரிஞ்சுக்க சுலபம், செய்யறது கஷ்டம், ஏன்னா மூணு ஷாட்டும் மூணு மாதிரி இருக்கும், வெளிச்ச ஷாட்ல கை அசைஞ்ச மங்கல் இருக்கும், இருட்டு ஷாட்ல நாய்ஸ் இருக்கும், ரெண்டையும் பொருத்தறதே பெரும்பாடு.

ரெண்டாவது பள்ளி கூகுள் 2013ல நெக்ஸஸ் 5ல கொண்டு வந்த எச்டிஆர் பிளஸ். இதுல எல்லா ஃபிரேமும் ஒரே எக்ஸ்போஷர், எல்லாமே வேணும்னே இருட்டா. ஒரே மாதிரி இருக்குறதால ஒண்ணு மேல ஒண்ண வைக்கிறது லேசு. அப்புறம் சராசரி எடுத்தா நாய்ஸ் இறங்கும், எவ்வளவு இறங்கும்னா ஃபிரேம் எண்ணிக்கையோட வர்க்கமூலம். 4 ஃபிரேம் சேர்த்தா நாய்ஸ் பாதி, 16 சேர்த்தா கால். அதாவது 4 ஃபிரேமுக்கு 1 ஸ்டாப் லாபம், 16க்கு 2 ஸ்டாப், மூணாவது ஸ்டாப்புக்கு 64 ஃபிரேம் வேணும். இங்கதான் இந்த வழிக்கு ஒரு சுவரு இருக்கு. கும்மிருட்டு மூலையில சர்க்யூட்டோட இரைச்சல்தான் பெருசு, அந்த இடத்துல 16 சின்ன ஃபிரேம் தர்ற பலன, 4 மடங்கு நேரம் திறந்த ஒரே ஃபிரேம் தந்துடும். அதனால கூகுளே பின்னாடி பிக்சல் போன்ல நீளமான ஃபிரேம், அதாவது அதிக நேரம் திறந்து எடுத்தது, ஒண்ணையும் கூட சேத்துக்கிட்டாங்க. ரெண்டு பள்ளியும் இப்ப கலந்துதான் போச்சு. சில சென்சார்ல இந்த வேலைய சிப்புக்குள்ளயே பண்றாங்க, பக்கத்து பக்கத்து பிக்சலுக்கு வேற வேற நேரம் குடுத்து ஒரே ஷாட்ல எடுத்துடும், ஆனா அப்ப ரெசல்யூஷன்ல கை வைக்க வேண்டி வரும்.

நீங்க பட்டன தொடுறதுல இருந்து நடக்குறத வரிசையா சொன்னா இப்படி:

1. கேமரா ஆப்ப திறந்தப்பவே போன் ஃபிரேம் எடுத்து எடுத்து மெமரியில சுத்த விட்டுக்கிட்டே இருக்கும். அதனால நீங்க பட்டன தொட்ட நொடிக்கு முன்னாடி எடுத்ததும் கணக்குல சேரும். நீளமான ஃபிரேம் மட்டும் தொட்டதுக்கு அப்புறம்தான் எடுக்கும், அதனாலதான் தொட்ட உடனே போன கீழ இறக்கக் கூடாது.
2. அதுல மங்கல் கம்மியா இருக்குற ஒண்ண அடிப்படையா எடுத்துக்கும்.
3. மத்த ஃபிரேம சின்ன சின்ன கட்டமா வெட்டி, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பாத்து பொருத்தும். பொருந்தாத கட்டத்த, அதாவது ஆள் அசைஞ்சது, இலை ஆடினது மாதிரி இடத்த தூக்கிப் போட்டுட்டு அடிப்படை ஃபிரேம மட்டும் வச்சுக்கும்.
4. பொருந்தினத எல்லாம் சேர்த்து நாய்ஸ இறக்கும்.
5. கடைசியா டோன் மேப்பிங்.

மூணாவதுல ஒரு விஷயம் கவனிக்கணும். அசைஞ்ச இடத்துல சராசரி நடக்கல, அப்ப அங்க நாய்ஸ் குறையாது. ஒரே போட்டோவுல சுவரு வழவழன்னும், ஓடுற குழந்தையோட முகம் மட்டும் சொரசொரப்பாவும் இருந்தா லென்ஸ்ல கோளாறு இல்ல, அங்க ஃபிரேம் சேரல.

டோன் மேப்பிங்: போலியா தெரியறதுக்கு காரணம் இங்கதான்

13 ஸ்டாப் சேத்தாச்சு, சரி. அத எங்க காட்டுறது? சாதாரண ஜேபெக்ல ஒரு கலருக்கு 0ல இருந்து 255 வரைக்கும்தான் இடம், சாதாரண ஸ்கிரீனும் அவ்வளவு வித்தியாசம் காட்டாது. பெரிய பெட்டியில இருக்குறத சின்னப் பெட்டியில அடைக்கணும். எல்லாத்தையும் ஒரே அளவா அமுக்கினா படம் பனிமூட்டம் மாதிரி சப்புன்னு போயிடும். அதனால இடத்துக்கு இடம் வேற வேற அளவுல அமுக்குவாங்க, வானத்த இறக்கி, முகத்த ஏத்தி, அந்தந்த இடத்துக்குள்ள இருக்குற சின்ன வித்தியாசத்த மட்டும் காப்பாத்தி.

இதுல அளவு மீறினா என்ன ஆகும்னா:

1. கட்டடத்தோட ஓரத்துல வானம் பக்கம் ஒரு வெள்ளை வளையம் சுத்தி நிக்கும்.
2. நிழல் நிழலா இருக்காது. வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னே தெரியாம போகும், ஜன்னலுக்கு முதுக காட்டி நிக்குறவர் முகத்துல டார்ச் அடிச்ச மாதிரி இருக்கும்.
3. தோலோட ஒவ்வொரு சுருக்கமும் எழும்பி நிக்கும்.

2000களோட நடுவுல இணையம் முழுக்க நெருப்பு கலர் மேகமும் பிளாஸ்டிக் தெருவுமா ஓடுச்சே, அந்த ஸ்டைலுக்கும் எச்டிஆர்னுதான் பேரு விழுந்துச்சு, பாவம் எச்டிஆர். கெடுத்தது ஃபிரேம் சேத்தது இல்ல, டோன் மேப்பிங்க கண்டபடி இழுத்தது. எடிட்டிங் ஆப்ல இருக்குற எச்டிஆர் ஃபில்டரும், ஸ்னாப்சீட்ல இருக்குற எச்டிஆர் ஸ்கேப் மாதிரி, இந்த இழுப்ப மட்டும்தான் ஒரே போட்டோ மேல பண்ணுது. வெள்ளையா போன வானத்துல அத போட்டா புதுசா எதுவும் வராது, நாய்ஸ்தான் எழும்பும். இது என் பார்வையில எச்டிஆரே இல்ல, மேக்கப்.

நீங்களே சோதிச்சுப் பாக்கணும்னா

சமீபத்து போன்கள்ல தனி பட்டன் இல்லாததுக்கு காரணம், அது எப்பவுமே ஆன்ல இருக்குறதுதான். அதனால ஆன் ஆஃப் பண்ணிப் பாக்குற சோதனை நடக்காது, வேற வழியில பாக்கணும்.

1. ஜன்னல் சோதனை. பகல்ல ரூமுக்குள்ள இருந்து ஜன்னலும் உள்பக்கமும் சேந்து தெரியற மாதிரி நில்லுங்க. முதல்ல ஸ்கிரீன்ல ஜன்னலுக்கு வெளிய தெரியற இடத்த தொட்டு ஒரு ஷாட், அப்புறம் ரூமோட இருட்டு மூலைய தொட்டு ஒரு ஷாட். ரெண்டாவதுல வெளிய இருக்குற மரம் வெள்ளையில கரைஞ்சிருந்தா, எச்டிஆர் இருந்தும் போன நீங்கதான் ஏமாத்திட்டீங்கன்னு அர்த்தம். தொடுறது ஃபோகஸுக்கு மட்டும் இல்ல, எங்க வெளிச்சம் சரியா இருக்கணும்ங்கற கட்டளையும் அதான்.

2. ஸ்லைடர் சோதனை. அழுத்திப் பிடிச்சு எக்ஸ்போஷர லாக் பண்ணிட்டு, பக்கத்துல வர்ற சூரியக் குறிய கொஞ்சம் கொஞ்சமா கீழ இறக்கி ஒவ்வொண்ணா எடுங்க. அப்புறம் எல்லாத்தையும் எடிட்டர்ல ஒரே அளவு வெளிச்சத்துக்கு தூக்கிப் பாருங்க. எந்த ஷாட்ல மேகம் முழுசா இருந்து நிழலும் ரொம்ப கெடாம இருக்கோ, உங்க போனோட எல்லை அங்க இருக்கு. பிக்சல் 4ல இருந்து சில போன்ல ரெண்டு ஸ்லைடர் இருக்கும், ஒண்ணு மொத்த வெளிச்சத்துக்கு, இன்னொண்ணு நிழலுக்கு மட்டும். அந்த ரெண்டாவதுதான் டோன் மேப்பிங் மேல நேரடியா கை வைக்குறது, பலர் அத தொட்டே பாத்திருக்க மாட்டாங்க.

3. ரா சோதனை. புரோ மோடுல ரா ஃபைலா (சென்சார்ல வந்தத பெருசா மாத்தாம வச்சிருக்குற ஃபைல்) ஒண்ணு, அதே இடத்துல ஆட்டோல ஒண்ணு. ராவ திறந்தா எவ்வளவு இருட்டு, எவ்வளவு நாய்ஸ்னு பாத்து ஆடிப் போவீங்க, போன் பின்னாடி எவ்வளவு வேல செஞ்சிருக்குன்னு அப்பதான் தெரியும். ஆனா எல்லா ராவும் ஒத்தை ஃபிரேம் இல்ல, ஆப்பிளோட புரோரா ஏற்கனவே பல ஃபிரேம் சேத்தது, அத வச்சு ஒப்பிட்டா கணக்கு தப்பும்.

4. கையால பிராக்கெட்டிங். டிரைபாட் கட்டாயம். ஐஎஸ்ஓவ (சென்சார் பிடிச்சத எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்கற அளவு) இருக்குறதுலயே கம்மியா வைங்க, ஃபோகஸையும் ஒயிட் பேலன்ஸையும் லாக் பண்ணுங்க, மாத்த வேண்டியது ஷட்டர, அதாவது எவ்வளவு செகண்ட் திறந்திருக்கணும்ங்கறத, மட்டும்: 1/1000, 1/250, 1/60. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு ஸ்டாப். பட்டன தொடுற அதிர்வுக்கு 2 செகண்ட் டைமர். இந்த மூணையும் கம்ப்யூட்டர்ல எச்டிஆர் மெர்ஜ் இருக்குற எந்த சாஃப்ட்வேர்லயும் சேக்கலாம். ஆண்ட்ராய்டுல ஓப்பன் கேமரா ஆப்ல பிராக்கெட்டிங் தானாவே எடுக்குற வசதி இருக்கு. அசையாத காட்சிக்கு, இது பல நேரம் போன் ஆட்டோவா தர்றத விட இயல்பா வரும், ஏன்னா எவ்வளவு அமுக்கணும்ங்கறத நீங்க முடிவு பண்றீங்க.

5. எல்ஈடி லைட்டுக்கு கீழ எடுக்கும்போது ஜாக்கிரதை. கரண்ட் 50 ஹெர்ட்ஸ்னா பல லைட்டு செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், 60 ஹெர்ட்ஸ்னா 120 தடவ. 1/1000 ஷட்டர்ல அந்த மினுக்கு படத்துல பட்டை பட்டையா விழும், மூணு ஷாட்ட சேக்கும்போது அந்தப் பட்டையும் சேந்துக்கும். உள்புறம்னா 1/100 இல்ல 1/120ஐ விட வேகமா போகாம பாத்துக்குங்க.

வெள்ளை போச்சா இல்லையான்னு ஸ்கிரீன பாத்து முடிவு பண்ணாதீங்க, வெயில்ல ஸ்கிரீன் பொய் சொல்லும். ஹிஸ்டோகிராம் (இருட்டு இடது பக்கம், வெளிச்சம் வலது பக்கம்னு எவ்வளவு பிக்சல் இருக்குன்னு காட்டுற வரைபடம்) காட்டுற ஆப்பா இருந்தா வலது ஓரத்துல கோடு செங்குத்தா முட்டி நிக்குதான்னு மட்டும் பாருங்க. சூரியனே ஃபிரேம்ல இருந்தா கொஞ்சம் முட்டத்தான் செய்யும், அது பரவால்ல.

எச்டிஆர எதுத்து வேல செய்ய வேண்டிய நேரமும் உண்டு. மாலை வானத்துக்கு முன்னாடி ஆள் கருப்பு உருவமா நிக்கணும்னு நீங்க ஆசப்படுவீங்க, போன் விடாம முகத்த தூக்கிக் காட்டும். அப்ப வானத்த தொட்டு லாக் பண்ணி ஸ்லைடர நல்லா கீழ இறக்குங்க, நிழல் ஸ்லைடர் இருந்தா அதையும். பனிமூட்டம், மேகமூட்டம் மாதிரி வித்தியாசமே இல்லாத காட்சிக்கு இதெல்லாம் தேவையே இல்ல, ஒரு ஃபிரேம்லயே அடங்கிடும்.

பளிச்னு ஏறுற போட்டோ: இது ஸ்கிரீன் எச்டிஆர்

இப்ப ஆரம்பத்துல சொன்ன குழப்பத்துக்கு வருவோம். போன் ஸ்கிரீன்கள் இப்ப 1000 நிட்ஸுக்கு (ஸ்கிரீன் வெளிச்சத்த அளக்குற அலகு) மேல எரியுது. ஆனா ரூமுக்குள்ள பாக்கும்போது வெள்ளைப் பக்கத்த அவ்வளவு எரிய விட்டா கண்ணு கூசும், அதனால வெள்ளைய ஒரு 100, 200 நிட்ஸ்ல வச்சிருக்கும். அதுக்கு மேல ஸ்கிரீன்ல மிச்சம் இருக்குற இடத்துக்கு ஹெட்ரூம்னு பேரு. சும்மா கிடக்குற அந்த இடத்துல சூரியனையும் லைட்டையும் காட்டினா என்னங்கறதுதான் யோசனை.

அதுக்கு ஃபைல்ல ரெண்டு சமாச்சாரம் இருக்கும். ஒண்ணு எல்லா இடத்துலயும் திறக்குற சாதாரண படம், அமுக்கி அடைச்சது. இன்னொண்ணு கெயின் மேப்னு ஒரு சின்ன கருப்பு வெள்ளை படம், எந்த எந்த இடத்த எத்தன மடங்கு தூக்கணும்னு அதுல எழுதியிருக்கும். 2023ல ஆண்ட்ராய்டு 14 அல்ட்ரா எச்டிஆர்ங்கற பேர்ல இத ஜேபெக்குக்குள்ளயே கொண்டு வந்துச்சு, ஐபோன்கள்லயும் இதே யோசனைதான். போட்டோவ திறந்ததும் முதல்ல சாதாரண படம் வருது, அப்புறம் மேப்ப படிச்சு ஸ்கிரீன் மேல ஏறுது, அந்த அரை செகண்ட் தாமதம் அதுதான்.

இதுல இருந்து சில விளைவுகள்:

1. மெசேஜ் ஆப்போ வெப்சைட்டோ படத்த சுருக்கி மறுபடி சேவ் பண்ணும்போது கெயின் மேப்னா என்னன்னு அதுக்கு தெரியலன்னா மேப்ப தூக்கிப் போட்டுடும். போட்டோ கெட்டுப் போகல, மேப்தான் போச்சு. டாக்குமெண்ட்டா அனுப்பினா ஃபைல் அப்படியே போகும்.
2. எடிட்டிங் ஆப்பும் அதே மாதிரி தொலைக்கலாம். கொஞ்சமா கிராப் பண்ணி சேவ் பண்ணதும் பளிச் போயிடுச்சுன்னா ஆப் பழசு.
3. வெளிய வெயில்ல பிரைட்னஸ முழுசா ஏத்தி வச்சா ஹெட்ரூம் கிட்டத்தட்ட தீந்துடும், எச்டிஆர் போட்டோவும் சாதாரண போட்டோவும் ஒண்ணு போல தெரியும். போன் சூடானாலும் இல்ல பேட்டரி சேவர்ல இருந்தாலும் பல போன் இந்த ஏத்தத்த குறைச்சுக்கும்.
4. வரிசையா பாத்துக்கிட்டு வரும்போது நடுவுல ஒரு போட்டோ மட்டும் கண்ண குத்துதுன்னா ஐபோன்ல போட்டோஸ் செட்டிங்ஸ்ல முழு எச்டிஆரா காட்டுற ஆப்ஷன ஆஃப் பண்ணலாம். எடுக்குறது மாறாது, காட்டுறது மட்டும்தான் மாறும்.

பிரிண்ட் போடப் போறவங்களுக்கு இந்த மேப்பால ஒரு பிரயோஜனமும் இல்ல, தாள் தானா எரியாதுல்ல, அங்க போறது அமுக்கி வச்ச அந்த அடிப்படை படம்தான். ஸ்கிரீன்ல பளிச்சத பாத்து மயங்கி பிரிண்டுக்கு குடுத்தா வர்றது டல்லா தெரியும். குடுக்குறதுக்கு முன்னாடி அந்த ஆப்ஷன ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவ பாத்துட்டு, தேவைன்னா அந்தப் படத்துலயே நிழலையும் வெளிச்சத்தையும் சரி பண்ணி அனுப்புங்க.